மாதத்தில் ஆறு நாள் வரும் நிதித் தலைவர்: திருகோணமலைக் கம்பனிகளுக்கு இது எப்போது சரிவரும்?

‘ஃபிராக்ஷனல் சி.எஃப்.ஓ தேவை’, ‘ஃபிராக்ஷனல் சி.எம்.ஓ சேவை வழங்கப்படும்’ என்ற விளம்பரங்கள் லிங்க்ட்இன்னிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் கண்ணில் படுகின்றன. சி.எஃப்.ஓ என்பது நிதித் தலைவர், சி.எம்.ஓ என்பது சந்தைப்படுத்தல் தலைவர்; ஃபிராக்ஷனல் என்றால் பங்குநேரம். படிக்கும் முதலாளிக்கு மூன்று சந்தேகங்கள் வரும். இவர் ஆலோசகரா, ஊழியரா? சேமலாப நிதி கட்ட வேண்டுமா? மூன்று கம்பனிக்கு வேலை செய்கிறவர் நம்முடைய இரகசியத்தைக் காப்பாரா?

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் பல கம்பனிகள் பங்கிட்டுக்கொள்வது அந்த மனிதரின் நேரத்தை மட்டுமே. பொறுப்பைப் பங்கிட முடியாது. அது ஒவ்வொரு கம்பனியிலும் முழுதாக இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள்தான் ஆறு மாதத்தில் ‘காசு போனதுதான் மிச்சம்’ என்று சொல்கிறார்கள்.

யார் இவர்?

பங்குநேர உயரதிகாரி என்பவர் மாதத்தில் நான்கு முதல் எட்டு நாள் வரை ஒரு கம்பனியின் மூத்த பதவியை வகிப்பவர். பெரும்பாலும் மூன்று, நான்கு கம்பனிகளில் ஒரே நேரத்தில் இருப்பார். மாதக் கட்டணம் வாங்குவார். அவரைப் போலத் தோன்றும் வேறு ஆட்களும் உண்டு:

1. ஆலோசகர். நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதித் தருவார். அதை நடைமுறைப்படுத்துவது உங்கள் பாடு.
2. இடைக்கால அதிகாரி. பதவி வெற்றிடமானால் அல்லது கம்பனி நெருக்கடியில் விழுந்தால் சில மாதங்கள் முழுநேரமாக வந்து நிற்பவர்.
3. வெளிக் கணக்காளர். நடந்து முடிந்ததைப் பதிவார், வரிப் படிவம் நிரப்புவார். அடுத்த மூன்று மாதத்துக்குக் காசு போதுமா என்பது அவர் வேலை அல்ல.
4. நிறைவேற்றுப் பொறுப்பில்லாத பணிப்பாளர். சபையில் இருந்து கேள்வி கேட்பார். அன்றாட நிர்வாகத்தில் கை வைக்க மாட்டார்.

கம்பனியின் கணக்காய்வாளரையே பங்குநேர நிதித் தலைவராகவும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. முடியாது. தான் தயாரித்த கணக்கைத் தானே சரிபார்ப்பது கணக்காய்வின் சுயாதீனத்தை அடியோடு கெடுக்கும். வங்கியும் அந்த அறிக்கையை நம்பாது.

ஆள் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும். ஒரு விலைத் தீர்மானம் பிழைத்துவிட்டது. அடுத்த சபைக் கூட்டத்தில் யார் பதில் சொல்ல வேண்டும்? அவர்தான் என்றால் அவர் அதிகாரி. ‘நான் சொன்னேன், அவர்கள் செய்யவில்லை’ என்று தப்ப முடியுமானால் அவர் ஆலோசகர். அதிகாரிக்குரிய கட்டணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

திருகோணமலையில் இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது?

இந்த மாவட்டத்தின் பெரிய நிலையங்கள், அதாவது சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவை, தங்கள் நிதித் துறையைத் தாங்களே வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இது தேவைப்படாது. தேவை நடுத்தரத்தில் இருக்கிறது: உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகள், மீன் குளிரூட்டி ஏற்றுமதி செய்வோர், கட்டடப் பொருள் வியாபாரிகள், ஒப்பந்தக்காரர்கள், தனியார் மருத்துவ நிலையங்கள். 30 பேர் முதல் 100 பேர் வரை வேலை செய்யும் இந்தத் தொழில்கள் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. கணக்கு ஒரு மூத்த கிளாக்கின் கையில் இருக்கும், முடிவு முதலாளியின் தலையில் இருக்கும்.

2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி சீனக்குடாவின் 99 தாங்கிகளில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கும், 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகிய மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இவற்றில் எது எப்போது நிலத்தில் எழும் என்பது வேறு விடயம். ஆனால் இத்தகைய வேலைகளில் துணை ஒப்பந்தம் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது கணக்காய்வு செய்த கணக்கும் காசோட்ட அறிக்கையும்தான். ‘முதலாளியை எங்களுக்குத் தெரியும்’ என்ற பேச்சு அந்த மேசையில் எடுபடாது.

எல்லாப் பதவியும் பங்குக்கு ஏற்றதல்ல

நிதித் தலைமை மிகவும் ஏற்றது. அதன் வேலை திகதிகளைச் சுற்றி வருகிறது. இடையில் இருக்கும் நாட்களைக் கீழே உள்ள கணக்காளர் பார்த்துக்கொள்ளலாம். சந்தைப்படுத்தலும் ஏறக்குறைய அப்படித்தான், கீழே ஒருவர் முழுநேரமாகப் படமும் பதிவும் விசாரணைக்குப் பதிலும் பார்த்துக்கொண்டால். மனிதவளத்தில் சம்பளக் கட்டமைப்பு, நியமனக் கடிதங்கள், ஒழுக்காற்று நடைமுறை ஆகியவற்றை அமைத்துத் தரும் வேலைக்கு இது சரி. தகவல் தொழில்நுட்பத் தலைமைக்கும் பொருந்தும்.

நடவடிக்கைத் தலைமைக்கு மட்டும் பொருந்தாது. ஹோட்டலின் பொது முகாமையாளரையோ ஐஸ் ஆலையின் உற்பத்தி முகாமையாளரையோ பங்கு நேரத்துக்கு எடுக்காதீர்கள். கம்ப்ரசர் பழுதாவது செவ்வாய்க்கிழமை இரவு. அவர் வருவது வியாழக்கிழமை. அந்தப் பதவியின் பாதி மதிப்பே அங்கே நிற்பதில்தான் இருக்கிறது.

கீழ்க்காணும் பகுதிகளில் நிதித் தலைமையையே உதாரணமாக வைத்துப் பேசுவோம். அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் பிழைப்பதும் அதுதான்.

செலவுக் கணக்கு

இந்தப் பகுதியில் வரும் சம்பளமும் கட்டணமும் கணக்குக் காட்டுவதற்காக வைத்த எண்கள், சந்தை விலை அல்ல. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கணக்கின் முறை மாறாது.

முழுநேர நிதித் தலைவர், மாதச் சம்பளம் 600,000 ரூபாய்:

1. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 சதவீதம்: 72,000.
2. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம்: 18,000.
3. பணிக்கொடைக்கு ஒதுக்கீடு: 25,000. (1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதை மாதத்துக்குப் பிரித்தால் இந்தத் தொகை.)
4. மொத்தம்: 715,000. வாகனமும் வீடும் இதில் சேரவில்லை.

பங்குநேர நிதித் தலைவர், நாளுக்கு 45,000 ரூபாய், மாதம் சராசரி ஆறு நாள்: 270,000. கொழும்பிலிருந்து வருபவரானால் மாதம் இரண்டு பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் 50,000 வைத்துக்கொள்வோம். மொத்தம் 320,000.

பாதிக்கும் குறைவு என்று பார்த்ததும் கை நீளும். கொஞ்சம் பொறுங்கள். முழுநேரக்காரர் மாதம் 22 நாள் வேலை செய்தால் அவருக்கு ஒரு நாள் செலவு 32,500 ரூபாய்தான். பங்குநேரக்காரரின் ஒரு நாள் அதைவிட விலை கூடியது. அந்த விலை வித்தியாசம் நியாயமானது. வேலையில்லாத நாட்களின் அபாயத்தை அவர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் மாதம் 14, 15 நாளுக்கு மேல் தேவைப்பட ஆரம்பித்தால் முழுநேர ஆளே மலிவு.

இரண்டாவது விடயத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. மாதத்தில் ஆறு நாள் வருபவருக்கு மற்ற நாட்களில் அங்கே ஒரு கை வேண்டும். விற்பனை, கொள்வனவு, வங்கி மீதி ஆகியவற்றை அன்றன்று சரியாகப் பதிந்து, மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வரைவுக் கணக்கை மூடித் தரக்கூடிய கணக்காளர் ஒருவர். அப்படி ஒருவர் இல்லையென்றால் எடுக்க வேண்டும். 120,000 சம்பளத்தில் எடுத்தால் நிதிகளும் பணிக்கொடை ஒதுக்கீடும் சேர்த்து 143,000. இப்போது மொத்தம் 463,000. இன்னும் மிச்சம்தான், ஆனால் பாதிக்குப் பாதி என்ற கதை போய்விட்டது.

கணக்காளரை எடுக்காமல் விட்டால் நடப்பது தெரிந்ததே. நாளுக்கு 45,000 வாங்குபவர் வந்து உட்கார்ந்து கொள்வனவுப் பில்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஆண்டின் இரண்டு பாதிகள்

திருகோணமலைக்கென்று ஒப்பந்தம் எழுதும்போது மாற்ற வேண்டிய மிக முக்கியமான இடம் இது. கொழும்பில் எழுதப்படும் மாதிரி ஒப்பந்தங்கள் ‘மாதம் ஆறு நாள்’ என்று சமமாகப் பிரிக்கும். இங்கே தொழிலின் ஆண்டு சமமாக ஓடுவதில்லை.

கடற்கரை ஹோட்டலின் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். புறாத்தீவுப் படகும் ஓய்ந்திருக்கும். ஆட்கள் நிறைந்திருக்கும் ஜூலையில்தான் நிதித் தலைவர் அதிகம் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் ஜூலையில் அவர் செய்யக்கூடியது குறைவு. அறை விலை முன்னரே நிர்ணயமாகிவிட்டது, முகவர் ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது, ஆட்கள் எடுத்தாகிவிட்டது. அவருடைய வேலை நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கிறது: அடுத்த பருவத்தின் அறை விலை, முன்பதிவுத் தளங்களின் தரகு போக அறைக்குக் கையில் நிற்பது எவ்வளவு, திருத்த வேலைக்கான செலவு, மழைக்காலச் சம்பளத்துக்கான மேலதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட்), கடன் தவணைகளைப் பருவத்தோடு பொருத்தி மாற்றச் சொல்லி வங்கியோடு பேசுவது.

ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு ஆண்டுக்கு 72 நாள் என்று எழுதுங்கள். ஒரு ஹோட்டலுக்குப் பிரிப்பு இப்படி இருக்கலாம்: நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் 8 நாள், ஏப்ரல் 6, மே 5, ஜூன் முதல் செப்டெம்பர் வரை மாதம் 4, ஒக்டோபர் 5. கூட்டினால் 72.

அரிசி ஆலைக்கு இது வேறு. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வரும். சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பரில். சில வாரங்களுக்குள் பெருந்தொகையைக் கொட்டி நெல் வாங்கிவிட்டு, அதை மாதக்கணக்கில் அரிசியாக்கி விற்று மீட்க வேண்டும். எனவே நெல் வருவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே கடன் எல்லை தயாராக இருக்க வேண்டும். நாட்கள் அங்கே குவிய வேண்டும்.

கட்டணத்தை மாதம் 270,000 என்று சமமாகவே கொடுக்கலாம். இரு பக்கத்துக்கும் வசதி. ஆனால் இடையில் பிரிந்தால் என்ன செய்வது என்பதையும் அதே பந்தியில் எழுதாவிட்டால் சண்டை நிச்சயம். நவம்பரில் தொடங்கி மார்ச் முடிவில் நிறுத்தினால் அவர் 40 நாள் வேலை செய்திருப்பார். 30 நாளுக்கான காசைத்தான் வாங்கியிருப்பார். கம்பனி அவருக்கு 450,000 ரூபாய் கடன். மாறாக ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் முடிவில் நிறுத்தினால் செய்தது 27 நாள், வாங்கியது 36 நாளுக்கு. அவர் 405,000 திருப்பித் தர வேண்டும். ‘வேலை செய்த நாளுக்கும் கட்டணம் பெற்ற நாளுக்கும் உள்ள வித்தியாசம் 14 நாளுக்குள் தீர்க்கப்படும்’ என்ற ஒரு வரி போதும்.

எல்லாரும் மறக்கும் மோதல் ஒன்றும் உண்டு. பருவங்கள் வேறுபட்டாலும் வரித் திகதிகள் எல்லாக் கம்பனிக்கும் ஒன்றே. வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரித் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. இறுதிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30. படிவம் நவம்பர் 30. நான்கு கம்பனி வைத்திருப்பவருக்கு நவம்பர் கடைசி வாரத்தில் நான்கு படிவம். உங்களுடைய படிவம் நான்காவதாகப் போகாமலிருக்க வேண்டுமானால், ‘ஒக்டோபர் 31க்குள் வரைவு மேசையில்’ என்று திகதி போட்டு வாங்குங்கள்.

ஊழியரா, சுயாதீனச் சேவையாளரா?

ஒப்பந்தத்தின் தலைப்பில் ‘சேவை ஒப்பந்தம்’ என்று எழுதிவிட்டால் அவர் ஊழியர் ஆகமாட்டார் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. தொழில் திணைக்களமும் நீதிமன்றமும் தலைப்பைப் பார்ப்பதில்லை, நடப்பைப் பார்க்கின்றன. வேலை செய்யும் விதத்தை யார் கட்டுப்படுத்துகிறார், நேரத்தை யார் நிர்ணயிக்கிறார், கருவிகள் யாருடையவை, வேறு இடத்தில் வேலை செய்யச் சுதந்திரம் உண்டா, இலாப நட்டத்தின் அபாயம் யாரிடம், கம்பனியின் அமைப்புக்குள் அவர் எவ்வளவு பிணைந்திருக்கிறார் என்பவையே கேள்விகள்.

சிக்கல் என்னவென்றால், அவரை உண்மையான அதிகாரியாக நடத்த நடத்த அவர் ஊழியர் போலத் தோன்றத் தொடங்குவார். பகுதிநேரம் என்பதால் மட்டும் சேமலாப நிதியிலிருந்து விலக்கு இல்லை. ஊழியர் என்று முடிவானால் நிலுவை பின்னோக்கி வரும். மேலே சொன்ன 270,000க்கு முதலாளியின் 12, ஊழியரின் 8, ஆக 20 சதவீதம் மாதம் 54,000. உரிய காலத்தில் சம்பளத்திலிருந்து கழிக்காத 8 சதவீதமும் பெரும்பாலும் முதலாளியின் தலையில்தான் விழும். ஓராண்டுக்கு 648,000. தாமதக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். உச்சத்தில் இன்னும் 324,000. நம்பிக்கை நிதி தனி.

இதோடு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் வரும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 180 நாள் சேவை உள்ள ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ பெறாமல் நிறுத்த முடியாது. ‘வேண்டாமென்றால் ஒரு மாத அறிவித்தலில் விட்டுவிடலாம்’ என்று எண்ணித்தான் பங்குநேர ஆளை எடுத்திருப்பீர்கள். அந்த வசதியே போய்விடும்.

சுயாதீனச் சேவையாளராகவே வைத்திருக்க விரும்பினால் நடைமுறையில் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. வேலை நேரத்தை எழுதாதீர்கள். ஒப்படைக்க வேண்டியவற்றையும் திகதிகளையும் எழுதுங்கள்.
2. விரலடையாளப் பதிவு, விடுமுறைப் படிவம், பண்டிகை முற்பணம் எதுவும் வேண்டாம்.
3. வேறு கம்பனிகளுக்கு வேலை செய்யலாம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். போட்டிக் கம்பனியை மட்டும் பெயர் சொல்லி விலக்குங்கள்.
4. மாதாந்தம் அவர் இன்வொய்ஸ் தர வேண்டும். சம்பளச் சிட்டை கொடுக்காதீர்கள்.
5. மடிகணினி அவருடையதாக இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி கம்பனியுடையதாக இருக்கட்டும். முன்னது அவர் சுயாதீனர் என்பதற்கு அடையாளம். பின்னது உங்கள் தகவல் உங்களிடமே இருக்க.

இவ்வளவு செய்தாலும் சந்தேகம் வரும் வகையில் வேலை நடந்தால், பேசாமல் பகுதிநேர ஊழியராக நியமித்து நிதிகளைக் கட்டிவிடுவதே நல்லது. 15 சதவீதம் கூடும்; நித்திரை வரும்.

வரி பிடிக்கும் முறை

இலங்கையில் வதியும் தனிநபருக்கு, கணக்காளர் போன்ற சுயாதீனச் சேவைக்காக மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 5 சதவீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் உள்ள விதி. 270,000இல் 13,500ஐக் கழித்து 256,500ஐக் கொடுக்க வேண்டும். கழித்ததை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பி, அவருக்குச் சான்றிதழ் தர வேண்டும். இது அவருடைய இறுதி வரி அல்ல. ஆண்டுப் படிவத்தில் அவர் இதைக் கழித்துக்கொள்வார். ஆகவே ‘கையில் முழுசாகத் தாங்கோ’ என்று கேட்டால் மறுக்க வேண்டும். கழிக்காத வரிக்குப் பொறுப்பு கொடுத்தவரிடமும் வரும்.

அவர் தன் சொந்தக் கம்பனியின் பெயரில் இன்வொய்ஸ் போட்டால் தனிநபருக்கான இந்த 5 சதவீதம் பொருந்தாது. ஊழியராக எடுத்தால் ஏபிஐடி எனும் சம்பள வரி. அவருக்கு வேறிடத்தில் பிரதான வேலை இருந்தால், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபாயாக உள்ள தனிநபர் விலக்கு அங்கேயே கணக்கில் எடுக்கப்படும். உங்களிடம் அது இரண்டாம் வேலை. அதற்குத் தனி அட்டவணை உண்டு.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர் ஒருவரை இணையவழி அமர்த்துவதும் நடக்கிறது. வெளிநாட்டில் வதிபவருக்கான கழிவு வேறு. இரட்டை வரி ஒப்பந்தமும் குறுக்கே வரும். முதல் கொடுப்பனவுக்கு முன்பே வரி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரமும் ஒரு விடயம்: கோடையில் டொராண்டோவின் காலை 10.30 இங்கே இரவு 8 மணி. மாதாந்தக் கூட்டத்துக்கு அது சரி. வங்கி முகாமையாளர் பகல் 11 மணிக்கு அழைத்தால் சரிவராது.

அதிகாரத்தை எழுதிக் கொடுங்கள்

குடும்பக் கம்பனிகளில் இந்த ஏற்பாடு உடைகிற இடம் பெரும்பாலும் இதுவே. நிதித் தலைவர் ‘இந்த மாதம் புது லொறி வேண்டாம்’ என்கிறார். புதன்கிழமை அவர் கொழும்பில் இருக்கும்போது முதலாளியின் தம்பி லீசிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மாத முடிவில் காசு தட்டுப்பட்டதும் கேள்வி நிதித் தலைவரிடம் வருகிறது.

இதைத் தடுக்க ஒரு பக்கத்தில் அனுமதி அட்டவணை போதும். உதாரணமாக: 100,000 ரூபாய் வரை முகாமையாளர், 100,000 முதல் 1,000,000 வரை முகாமையாளரும் நிதித் தலைவரும், அதற்கு மேலும், எந்தத் தொகையானாலும் புதிய கடன், லீசிங், பிணை ஆகியவற்றுக்கும் பணிப்பாளர் சபை. முதலாளியும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். அவர் கட்டுப்பட மாட்டார் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமல் விட்டாலும் நட்டமில்லை.

காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். ஊரில் இல்லாத நாளில் வேலை நின்றுபோகும். கட்டுப்பாட்டுக்கும் அது நல்லதல்ல. இணைய வங்கியில் கணக்காளர் பதிவேற்ற, நிதித் தலைவர் பார்த்துச் சரி சொல்ல, முதலாளி இறுதியாக விடுவிக்கும் மூன்றடுக்கு முறை எங்கிருந்தாலும் நடக்கும்.

அவருடைய பக்கத்திலும் ஒரு அபாயம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பெயரை மட்டும் பார்த்துப் பணிப்பாளரைத் தீர்மானிப்பதில்லை. யாருடைய அறிவுறுத்தலின்படி சபை வழக்கமாக நடக்கிறதோ அவரும் சில கடமைகளுக்குப் பணிப்பாளராகக் கருதப்படலாம். எனவே அனுபவமுள்ளவர் ‘தீர்மானம் சபையுடையது, என் பரிந்துரை கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும்’ என்று வற்புறுத்துவார். அதை நழுவல் என்று எண்ண வேண்டாம்.

முதல் 90 நாளில் மேசைக்கு வர வேண்டியவை

1. முதல் இரண்டு வாரம்: எல்லா வங்கிக் கணக்குகள், கடன்கள், லீசிங், நகை அடகு உட்பட முதலாளி தன் பெயரில் எடுத்துத் தொழிலில் போட்ட காசு, கொடுத்திருக்கும் பிணைகள் ஆகியவற்றின் ஒரே பட்டியல். கூடவே லாச்சியில் இருக்கும் பின் திகதியிட்ட காசோலைகள்: வந்தவை ஒரு பக்கம், கொடுத்தவை மறு பக்கம், திகதி வாரியாக. பல இடங்களில் கம்பனியின் உண்மையான நிலை அந்த லாச்சியில்தான் தெரியும்.
2. நான்காம் வாரத்துக்குள்: 13 வாரக் காசோட்டத் திட்டம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணக்காளர் அதைப் புதுப்பிக்க வேண்டும். எந்த வாரத்தில் மீதி பூச்சியத்துக்குக் கீழே போகிறது என்பது குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் தெரிய வேண்டும்.
3. இரண்டாம் மாதம்: எதில் இலாபம், எதில் நட்டம். ஹோட்டலானால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனி. மீன் ஏற்றுமதியானால் இனத்துக்கு இனம், கழிவும் ஐஸும் சேர்த்து.
4. மூன்றாம் மாதம்: மூன்று பக்க மாதாந்த அறிக்கை, அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம், வங்கி முகாமையாளருடன் ஒரு நேரடிச் சந்திப்பு.

இரண்டாவது படி வராமல் நான்காவதுக்குத் தாவி வண்ண வண்ண வரைபடம் காட்டுபவரானால் அங்கேயே நிறுத்துங்கள்.

யாரோடு பங்கிடுவது?

உள்ளூர்க் கம்பனிகள் மூன்று சேர்ந்து ஒருவரைக் கொண்டுவந்தால் பயணச் செலவு மூன்றாகப் பிரியும். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். போக வர ஒரு வேலை நாள் போய்விடும். ஒருமுறை வந்தால் நான்கு நாள் தங்கி மூன்று இடத்தையும் பார்ப்பதே சிக்கனம். பயண நாளுக்கு அரைக் கட்டணமா, கட்டணமில்லையா என்பதை முன்னரே பேசுங்கள்.

சேரும் கம்பனிகள் போட்டியாளர்களாக இருக்கக் கூடாது. ஒரே கடற்கரையில் உள்ள இரண்டு ஹோட்டலுக்கு ஒருவர் நிதித் தலைவராக இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும், இரண்டு அறை விலையும் அவர் தலையில் ஒரே நேரத்தில் இருக்கும். ஹோட்டல், அரிசி ஆலை, மருத்துவ நிலையம் என்ற கூட்டு நல்லது. ஆனால் ஹோட்டலுக்கு அரிசி கொடுப்பதே அந்த ஆலையானால் அதுவும் முரண்தான். அந்தக் கொடுக்கல் வாங்கலில் அவர் விலை பேசுவதில்லை என்று மூன்று பக்கமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்பனியும் தனித்தனி ஒப்பந்தம் செய்ய வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஒப்பந்தம் என்றால் ஒருவர் காசு கொடுக்கப் பிந்தும்போது மற்ற இருவரும் மாட்டுவார்கள்.

மொழியையும் பாருங்கள். வங்கிக் கடிதம் ஆங்கிலத்தில் போகும். ஆனால் களஞ்சியக்காரர் தமிழிலோ சிங்களத்திலோதான் இருப்புக் குறைந்த காரணத்தைச் சொல்வார். அதை நேரடியாகக் கேட்க முடியாதவருக்கு முதலாளி சொல்வது மட்டுமே காதில் விழும்.

பிரியும்போது

ஆறு மாதத் தவணையில் தொடங்கி, பின்னர் ஆண்டுக்கு நீட்டுவது பொருத்தம். அறிவித்தல் காலம் 30 நாள் போதாது. 60 நாள் வையுங்கள், அதில் குறைந்தது நான்கு வேலை நாள் ஒப்படைப்புக்கென்று ஒதுக்குங்கள். ஒப்படைப்பில் வர வேண்டியவை: காசோட்டத் திட்டத்தின் எக்செல் கோப்பு, சூத்திரங்கள் பூட்டப்படாமல், வங்கியோடும் இறைவரித் திணைக்களத்தோடும் நடந்த கடிதப் போக்குவரத்து, முடியாமல் இருக்கும் விடயங்களின் பட்டியல், அடுத்த திகதியோடு. கடைசி நாளன்றே இணைய வங்கி அனுமதி, மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றையும் மூடி, வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். கம்பனியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதும் இதில் சேரும். பழைய நிதித் தலைவர் ஒருவர் புதிய கம்பனியில் இருந்துகொண்டே தினமும் உங்கள் விற்பனைத் தொகையைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தக் குழு வழியாகத்தான்.